டீஜே முடிவுக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில், பனி உருகத் தொடங்கும்போது ஒரே பேச்சுதான்: "டீஜே என்ன ஆச்சு?" தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியைத்தான் எல்லோரும் டீஜே என்கிறோம். 1985-இல் தொடங்கிய அரசுப் பள்ளி இது. கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் விண்ணப்பித்துத் தேர்வானவர்கள் மட்டுமே சேர முடியும். எங்கள் வீட்டில் இந்தக் காத்திருப்பு இரண்டு முறை நடந்தது. ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது, ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலில் நின்று பலருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவு எப்போது வரும்?

வசந்த காலத்தில். எந்தத் தேதி என்பதை டீஜேயை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டக் கல்வித் துறை சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. சேர்க்கை முறை மாறிய பிறகு வந்த முதல் ஆண்டில், அதாவது 2021-இல், ஜூன் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "என் பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ளே ஆள் இருக்கு, வெள்ளிக்கிழமை வருதாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளால் எத்தனை வெள்ளிக்கிழமை இரவுகள் கெட்டுப்போயின என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அப்படி ஒரு செய்தி வந்தால் பிள்ளையின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இன்னும் வேலை செய்கிறதா, ஸ்பேம் பெட்டியில் எதுவும் கிடக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், போதும்.

விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டதே, ஏன் இத்தனை மாதம்?

விண்ணப்பங்களை மனிதர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள், அதனால்தான். நியூயார்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியூயார்க்கில் ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உள்ளிட்ட 8 பள்ளிகளுக்கு ஒரே நுழைவுத் தேர்வு. 1971-இல் வந்த மாநிலச் சட்டம்தான் அந்த முறைக்கு அடிப்படை. மதிப்பெண்ணை மேலிருந்து கீழாக அடுக்கி, பிள்ளை கேட்ட வரிசைப்படி இடம் நிரம்பும்வரை கொடுத்துக்கொண்டு வருவார்கள். கட்-ஆஃப் முன்கூட்டி வைக்கப்படுவதில்லை, கடைசி இடம் யாருக்குப் போகிறதோ அவருடைய மதிப்பெண்தான் கட்-ஆஃப். தேர்வறையை விட்டு வெளியே வரும்போதே அந்தப் பிள்ளையின் எண் முடிவாகிவிடும்.

டீஜேயில் இப்போது அப்படி ஒரு எண் கிடையாது. 2020 அக்டோபரில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் போனது. இப்போது பார்ப்பவை: பள்ளி மதிப்பெண்களின் சராசரியான ஜிபிஏ, பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் போர்ட்ரெயிட் ஷீட், கணக்கு அல்லது அறிவியல் சிக்கல் ஒன்றைத் தீர்த்து விளக்கும் கட்டுரை, பிறகு வீட்டு வருமானம், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவரா, சிறப்புக் கல்வி பெறுகிறாரா என்பது போன்ற சூழல் விவரங்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை நிதானமாகப் படித்தால் நாள் ஆகத்தான் செய்யும். அவசரமாகப் படித்துவிடுவதைவிட இது மேல் என்று நான் நினைக்கிறேன்.

வாய்ப்பு எவ்வளவு? நேராகச் சொல்லுங்கள்.

2021-இல் 3,034 பேர் விண்ணப்பித்தார்கள், 550 பேருக்கு இடம். ஐந்தில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. விண்ணப்பிக்கவே குறைந்தபட்சம் 3.5 ஜிபிஏ வேண்டும், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.9-ஐத் தாண்டியது. "என் பையனுக்கு 4.0 இருக்கே" என்று தைரியம் சொல்லிக்கொள்பவர்களும் "3.8 தானே" என்று கலங்குபவர்களும் இதைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாகப் படிக்கிறவர்கள் என்கிற கூட்டத்தில் மதிப்பெண் ஆளைப் பிரித்துக் காட்டாது. வேறுபாடு கட்டுரைகளில் வருகிறது. அந்தக் கட்டுரைகளை நீங்களும் நானும் பார்க்கவே இல்லை, பிள்ளை பள்ளியில் கண்காணிப்பில் உட்கார்ந்து எழுதியவை அவை. ஆகவே வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பைக் கணக்குப் போட நம்மிடம் போதிய விவரமே கிடையாது.

1.5 சதவீதம் என்கிறார்களே, அது என்ன?

டீஜேவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் மாவட்டங்களின் ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. 400 பேர் படிக்கும் பள்ளி என்றால் 6 இடம். அந்தப் பள்ளியிலிருந்து விண்ணப்பித்தவர்களில் மதிப்பீட்டில் முன்னால் நிற்பவர்களுக்கு அவை போகும். மீதி இடங்கள் பொதுவில் நிரப்பப்படும், தனியார் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டிலேயே படிப்பவர்களும் அந்தப் பொது இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

இதில் உள்ள உண்மை கசப்பானது. ரேச்சல் கார்சன், லாங்ஃபெலோ போன்ற பள்ளிகளிலிருந்து முன்பெல்லாம் கூட்டம் கூட்டமாக டீஜேவுக்குப் போனார்கள். நம்மில் பலர் அந்தப் பள்ளி எல்லைக்குள் வரவேண்டும் என்றே வீடு வாங்கினோம். இப்போது அதே பள்ளிகளில்தான் நெரிசல் அதிகம். போன மூன்று ஆண்டுகளில் இதற்காக வீடு மாறலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் நான்கு பேர். நான்கு பேரிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதின்மூன்று வயதில் நண்பர்களை இழப்பது பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

நாம் இந்தியர்கள் என்பதால் குறைத்துவிடுவார்களா?

கட்டுரைகளை மதிப்பிடுபவர்களுக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அதே சமயம், முறை மாறிய முதல் ஆண்டில் தேர்வானவர்களில் ஆசிய மாணவர்களின் பங்கு சுமார் 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக இறங்கியதும் உண்மை. அதே ஆண்டில் வருமானம் குறைந்த வீடுகளின் பிள்ளைகள் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலையிலிருந்து கால்பங்காக உயர்ந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோர் கூட்டமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

இந்தச் சர்ச்சையில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஒரு வேண்டுகோள் மட்டும்: சாப்பாட்டு மேஜையில் அதைப் பேசாதீர்கள். "எப்படியும் நமக்குக் குடுக்க மாட்டாங்க" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளை, கிடைத்தாலும் நிம்மதியாக இருக்காது.

இப்போது ஏதாவது செய்து வாய்ப்பைக் கூட்ட முடியுமா?

முடியாது. சிபாரிசுக் கடிதம், கூடுதல் சான்றிதழ், சேர்க்கை அலுவலகத்துக்குத் தினம் ஒரு போன் என எதுவும் உதவாது.

பேஸ் ஸ்கூல் பாடத் தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. டீஜே முடிவு தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பேஸ் ஸ்கூல் என்பது உங்கள் முகவரிக்குரிய உயர்நிலைப் பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வு குளிர்காலத்திலேயே நடந்துவிடும், டீஜே முடிவு வருவதற்கு வெகு முன்னால். நான் முதல் முறை செய்த தவறு இதுதான். "எப்படியும் டீஜே போகப் போறான், எதையாவது டிக் பண்ணு" என்று அவசரமாக நிரப்பிக் கொடுத்தோம். பள்ளி ஆலோசகரான கவுன்சிலரோடு சந்திப்புக்குக்கூட நான் போகவில்லை. முடிவு வந்த பிறகு மாற்றப் போனால், அவன் ஆசைப்பட்ட வகுப்புகள் நிரம்பியிருந்தன. கிடைக்காத வருத்தத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டாவது வருத்தத்துக்கு நான்தான் காரணம். இரண்டாவது பிள்ளையின்போது அதை மறக்கவில்லை.

பிள்ளையோடு உட்கார்ந்து, அந்தப் பள்ளிக்குத்தான் போகப்போகிறான் என்று நினைத்து நிரப்புங்கள். உங்கள் பேஸ் ஸ்கூலில் கல்லூரி அளவிலான ஏபி பாடங்களா, சர்வதேசப் பாடத்திட்டமான ஐபியா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு பாதைகள். கணக்கில் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எழுதிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 என்றால் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீ-கால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். ஒரு வருடம் முன்னால் போகிற பிள்ளைகளுக்கு மல்டிவேரியபிள் கால்குலஸ் வரை ஃபேர்ஃபாக்ஸின் பல உயர்நிலைப் பள்ளிகளிலேயே இருக்கிறது. இசைக் குழு, நாடகம், நீச்சல் அணி எதுவானாலும் அதற்கான ஆசிரியரைப் பிள்ளை ஒரு முறை நேரில் பார்க்கட்டும். அந்தக் கட்டடத்துக்குள் தனக்கு ஓர் இடம் இருப்பதாகப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றிவிட்டால் டீஜே முடிவு எதுவாக இருந்தாலும் தாங்கும்.

பக்கத்து மாவட்டமான லௌடனில் இருப்பவர்கள் அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பள்ளியான அகாடமீஸ் ஆஃப் லௌடனுக்கும் விண்ணப்பித்திருப்பீர்கள். ஒரு நாள் அங்கே, மறுநாள் சொந்தப் பள்ளியில் என்று மாறி மாறிப் போகிற முறை அது. சொந்தப் பள்ளி நட்பும் விளையாட்டும் கையை விட்டுப் போகாது என்பதால், லீஸ்பர்க் பக்கம் இருக்கிற சில குடும்பங்களுக்கு இதுவே நல்ல பொருத்தமாக இருக்கும்.

எட்டாம் வகுப்பின் மீதி மாதங்களில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாமா?

பிள்ளை தூங்கட்டும், விளையாடட்டும், அதில் தவறே இல்லை. ஆனால் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, வேற்று மொழி போன்ற உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட் உள்ள பாடங்களின் மதிப்பெண் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பதிவேடான டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், கல்லூரி வரை கூடவே வரும். எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டால் அந்தப் பாடத்தை டிரான்ஸ்கிரிப்டிலிருந்து நீக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம், வர்ஜீனியா விதிகள் அதை அனுமதிக்கின்றன. அதற்கு ஒரு கெடு உண்டு, கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பல தமிழ்ப் பெற்றோருக்கு இந்த வசதி இருப்பதே தெரியவில்லை.

"வெயிட் பூல்" என்று வந்தால் கிடைக்கும் என்று அர்த்தமா?

இல்லை, கிடைக்காது என்றும் அர்த்தமில்லை. அது காத்திருப்போர் பட்டியல். இடம் கிடைத்தவர்களில் சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் வேறு மாநிலத்துக்குப் போவார்கள். அந்த இடங்களுக்குத்தான் வெயிட் பூலிலிருந்து கூப்பிடுகிறார்கள், கோடை முழுவதும் அது நடக்கலாம். இருக்க விருப்பம் என்று கெடுவுக்குள் பதில் கொடுத்துவிடுங்கள். பிறகு பேஸ் ஸ்கூல்தான் முடிவு என்று வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் அங்கே போவதற்கே வாங்குங்கள். ஜூலையில் அழைப்பு வந்தால் அப்போது யோசிக்கலாம். மாதக்கணக்கில் இரண்டு பள்ளிக்கு நடுவில் தொங்குவதுதான் பிள்ளையை அதிகம் களைப்படையச் செய்கிறது. நேரடியாக "இல்லை" என்று வந்த வீட்டில் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, வெயிட் பூல் வந்த வீட்டில் ஆகஸ்ட் வரை சரியாகவில்லை, இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபேர்ஃபாக்ஸ், ஆர்லிங்டன், லௌடன், பிரின்ஸ் வில்லியம், ஃபால்ஸ் சர்ச் என்ற எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கே டீஜே. வீடு மாறப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் கவனியுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது வாரா வாரம் கேட்கிறார்கள்.

நானும் சொல்லிவிட்டேன், அதனால் புரிகிறது. சனிக்கிழமை காலை வீடியோ காலில் மாமியார், நாத்தனார், சித்தப்பா என வரிசையாக "ரிசல்ட் வந்துச்சாம்மா?" என்று கேட்பார்கள், பிள்ளை பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நாமெல்லாம் காத்திருந்த நினைவு அவர்களுக்கு. ஒரே ஒரு முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "அத்தை, வந்ததும் நானே முதல்ல உங்களுக்குச் சொல்றேன். அதுவரைக்கும் அவன்கிட்ட கிரிக்கெட் பத்திக் கேளுங்க." என் மாமியார் அன்று முதல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவு வந்த பிறகும் அவன் சொல்லும்வரை காத்திருந்தார்.

நான் எட்டாவது படிக்கிறேன். என் ஃப்ரெண்டுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்கவில்லை என்றால்?

வலிக்கும். வலிக்காத மாதிரி நடிக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பு, பிறகு இரண்டு நாள் போனைத் தள்ளி வைத்துவிடு. அன்று இரவு எல்லோரும் எல்லாவற்றையும் பதிவு போடுவார்கள், அதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியம் இல்லை. உனக்குக் கிடைத்து அவளுக்குக் கிடைக்கவில்லை என்றால், அவளிடம் அதைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே, ஆனால் அவளைத் தவிர்க்கவும் செய்யாதே. என் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது.

கிடைத்தால் கண்டிப்பாகச் சேர வேண்டுமா?

இல்லை. இதைக் கேட்டால் நம் ஆட்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். மேற்கு லௌடனிலிருந்து பஸ்ஸில் போவதென்றால் ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், ஆங்கிலம், தொழில்நுட்பம் மூன்றையும் இணைத்து நடத்துகிறார்கள், கடைசி ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி. கையால் எதையாவது செய்துகொண்டே இருக்கிற பிள்ளைக்கு அது பெரிய பாக்கியம், என் மகளின் கண்ணில் அந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ஓவியத்திலோ வரலாற்றிலோ மனசு இருக்கிற பிள்ளை பெற்றோருக்காகச் சேர்ந்தால் அதே நான்கு ஆண்டு பாரமாகிவிடும். விண்ணப்பித்தபோது யாருக்கு ஆசை இருந்தது என்று இப்போதே, முடிவு வருவதற்கு முன்பே, பேசிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் எதிர்காலம் பாதிக்குமா?

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக், அதிலா அப்துல்காதிரோக்லு என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வு வைக்கும் அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். கட்-ஆஃபுக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இந்த இரண்டு கூட்டமும் திறமையில் ஏறக்குறைய ஒன்றுதான், பிரித்தது ஒன்றிரண்டு மதிப்பெண். 2014-இல் வெளியான முடிவு: அந்தப் பள்ளிகளில் சேர்ந்ததால் பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. அங்கே படிப்பவர்கள் சாதிப்பது பெரும்பாலும் அவர்கள் உள்ளே வரும்போதே கொண்டுவந்த திறமையால்தான்.

டீஜே வேறு ஊர், வேறு முறை, அந்த ஆய்வு அதைப் பற்றியது இல்லை. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. வாசலில் கடைசியாக நின்றவனுக்கும் கடைசியாக உள்ளே போனவனுக்கும் நடுவில் இருக்கும் கோடு மெல்லியது. உங்கள் பிள்ளை அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தாலும் நேற்று வரை இருந்த அதே பிள்ளைதான். எங்கள் மகன் பேஸ் ஸ்கூலில் ரோபாட்டிக்ஸ் குழுவில் சேர்ந்து, பதினோராம் வகுப்பில் அதை நடத்தவும் ஆரம்பித்தான். டீஜேயில் அந்த வாய்ப்பு அவனுக்கு வந்திருக்குமா என்று அவனே ஒரு நாள் கேட்டான்.

இன்னொரு வாய்ப்பு இருக்கிறதா?

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பத்தாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் வழி ஒன்று உண்டு, பிள்ளைகள் அதை ஃப்ராஷ்மோர் என்பார்கள். காலியாகும் இடங்கள் மட்டும் என்பதால் எண்ணிக்கை சிறியது. புதுப் பள்ளியில் கால் ஊன்றிய பிள்ளையை மறுபடி பிடுங்கி நட வேண்டுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். எங்கள் மகன் வேண்டாம் என்றான், நாங்கள் விட்டுவிட்டோம்.

முடிவு வரும் அன்று என்ன செய்யலாம்?

பிள்ளையே திறக்கட்டும். பள்ளியிலோ பஸ்ஸிலோ நண்பர்கள் நடுவில் திறக்க வேண்டாம், வீட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்பா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். எங்கள் மகள் தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாள். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் நின்றோம். அண்ணன்தான் அதிகம் தவித்தான். அவள் வெளியே வந்ததும் முதலில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், எங்களுக்கு அப்புறம்தான் சொன்னாள்.